கூச்ச சுபாவக்காரர், கோபக்காரர், கணக்குப் பார்ப்பவர்: சபையில் யாருக்கு எந்த ஊழியம்?

கடைசி வரிசை | 02.02.2025, இரவு 9.10

வாலிபர் ஐக்கியத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பெரும்பாலான சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) கொடுப்பது மூன்றே வேலை. பாட்டு நடத்து, சாட்சி சொல், கைப்பிரதி கொடு. மூன்றும் வாயை நம்பிய வேலை. நாலு பேர் முன்னால் பேச வராத ஆளுக்கு "ஜெபம் பண்ணு, தைரியம் வரும்" என்பதோடு சரி. கர்த்தர் கொடுத்த சுபாவத்தை மாற்றிக்கொள்ளாமலே அவருக்கு ஊழியம் செய்ய முடியும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வசனத்தோடு வாருங்கள்.

வேத மாணவன் | 02.02.2025, இரவு 9.52

மறுக்கிறேன் பிரதர். "நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்" என்று மோசேயும் சொன்னார் (யாத்திராகமம் 4:10). கர்த்தர் அவரை விட்டாரா? சுபாவம் என்ற பெயரில் மாம்சத்துக்கு வேலி போடாதீர்கள். "கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையில் அறையப்பட்டேன்" என்கிற கலாத்தியர் 2:20ஐ வாசியுங்கள்.

வெஸ்ட்ரி மேசை | 03.02.2025, காலை 6.30

விடவில்லை, சரி. ஆனால் வாயையும் மாற்றவில்லையே. நாலு வசனம் தள்ளி, நன்றாய்ப் பேசுகிற ஆரோனைப் பக்கத்தில் நிறுத்தினார். மோசேயிடம் இருந்தது வேறு: பொறுமை, ஜனத்துக்காக மல்லுக்கட்டி மன்றாடுகிற மனசு. பேச்சுக்கு ஒருவர், மன்றாட்டுக்கு ஒருவர்.

கலாத்தியர் 2:20ல் சிலுவையில் அறையப்படுவது பாவத்துக்கு அடிமைப்பட்ட பழைய மனுஷன். ஆளின் வார்ப்பு அல்ல. பவுலைப் பாருங்கள். தமஸ்குவுக்குப் போகிற வழியில் இருந்த அதே விடாப்பிடிதான் பிறகு பிலிப்பியிலும் கொரிந்துவிலும் தெரிகிறது. பிடித்த பொருள் மாறியது, பிடி மாறவில்லை. லூக்கா ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து வரிசையாய் எழுதினேன் என்கிறார் (1:3). விசாரித்து எழுதுகிற மூளை அவருக்கு எப்படி அமைந்ததோ, அப்படியே ஆவியானவர் பயன்படுத்தினார்.

வேத மாணவன் | 03.02.2025, காலை 7.15

நாலு வசனம் தள்ளி என்றால் 4:14. அந்த வசனம் எப்படி ஆரம்பிக்கிறது? கர்த்தர் மோசேயின்மேல் கோபமூண்டவராகி. ஆரோன் வந்தது பாராட்டின் பேரில் அல்ல. பிறகு அதே மந்த நாவுக்காரர் உபாகமம் முழுக்கப் பேசுகிறார்.

வெஸ்ட்ரி மேசை | 03.02.2025, இரவு 8.40

அந்தக் கோபத்தையும் சேர்த்து வாசிப்பதுதான் நியாயம். அதனால் இப்படி வைக்கிறேன்: சுபாவம் எங்கே தொடங்குவது என்பதைக் காட்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்காது. கூச்சமுள்ளவர் மேடையில் தொடங்க வேண்டியதில்லை. ஒருநாள் கர்த்தர் மேடைக்கு அழைத்தால் "நான் அந்த ரகம் இல்லை" என்று சொல்லவும் முடியாது.

சங்கத்து அக்கா | 04.02.2025, பகல் 2.05

இந்த விஷயம் ஆண்களுக்கு மட்டும் பேசப்படுகிறது. பெண்களுக்குச் சுபாவம் இருப்பதாகவே கமிட்டிகள் நினைப்பதில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா பீடத்துக்குப் பூ வைப்பார். சேகரப் பொருளாளர் பதவிக்குக் கூட்டல் வராத ஒருவர் நிற்பார். தொற்காள் தையல்காரி என்பதால் வஸ்திரம் தைத்தாள் (அப்போஸ்தலர் 9:39), பெண் என்பதால் அல்ல. அவளிடம் ஊசி இருந்தது. இன்னொருத்தியிடம் கால்குலேட்டர் இருக்கும்.

வார்டு 7 | 04.02.2025, இரவு 10.20

தொடக்கக் கேள்விக்கு நேரடியாக: பேச வராதவர்களுக்கென்றே செய்தது போன்ற ஊழியம் மருத்துவமனைச் சந்திப்பு. பேச்சு அதிகமாகும்போதுதான் அது கெட்டுப்போகிறது. எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. பார்வையாளர் நேரத்தில் மட்டும். முதலில் செவிலியரிடம் ஒரு வார்த்தை. உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப்போட்டு நோயாளியின் கண் மட்டத்தில் உட்காருங்கள். கட்டிலில் உட்காரக் கூடாது. கால்மாட்டில் நின்று உரக்கப் பேசவும் கூடாது. படுத்திருக்கிறவருக்கு அது அதட்டுவது போலத் தெரியும். "என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார்?" என்ற கேள்வி வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவார், அவர் வேறு மதத்தவராகவும் இருப்பார், அதனால் தாழ்ந்த குரல். ஒரு சங்கீதம் போதும், 23 அல்லது 121. ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள். மொத்தம் பத்து நிமிடம், எழுந்துவிடுங்கள்.

கீமோ எடுப்பவர்களுக்குப் பூவோ பழமோ கேட்காமல் கொண்டுபோகாதீர்கள், தொற்று அபாயம் உண்டு. தும்மல், காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போகவே வேண்டாம். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்கிறவரை எக்காரணம் கொண்டும் வார்டுக்கு அனுப்பக் கூடாது. அங்கே கேட்டதை "ஜெபக் குறிப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. நோயாளி அனுமதித்தால், அனுமதித்த அளவு மட்டும்.

வார்டு 7 | 04.02.2025, இரவு 10.34

முக்கியமானது விட்டுப்போயிற்று. நோயாளியைவிடக் களைத்துக் கிடப்பது கூட இருக்கிறவர். மூன்று நாளாகக் குளிக்காமல், வராண்டாவில் தூங்கி, பன்னும் டீயுமாக இருப்பார். "ஒரு மணி நேரம் நான் இருக்கிறேன், நீங்கள் குளித்துச் சாப்பிட்டு வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் போதும். அவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த மருந்து எத்தனை மணிக்கு, சொட்டு மருந்து தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, அவருடைய செல் நம்பர். பெண்கள் வார்டுக்குப் பெண்கள்தான் போக வேண்டும். வாய் திறக்காமல் செய்யக்கூடிய இந்த ஊழியத்துக்கு எந்தச் சபையிலும் ஆள் போதவில்லை.

கடைசி வரிசை | 05.02.2025, காலை 5.50

இதைத்தான் எதிர்பார்த்தேன். நன்றிண்ணே.

மிக்ஸர் பக்கம் | 05.02.2025, இரவு 9.00

ஒலிபெருக்கியையும் ஊழியமாக யாரும் எண்ணுவதில்லை. ஐயர் (சேகர குரு) பேசும்போது "ஊய்ங்" என்று கத்தினால் மட்டும் மொத்த சபையும் திரும்பி நம்மைப் பார்க்கும்.

பொறுமையான, சத்தம் போடாத ஆளுக்கு ஏற்ற இடம் இது. ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வர வேண்டும். மைக் எப்போதும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் கத்தத்தான் செய்யும். கத்தினால் பலர் மொத்த வால்யூமைக் குறைக்கிறார்கள், பின்வரிசை முதியவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் போகிறது. குறைக்க வேண்டியது அந்த ஒரு மைக்கின் கெய்ன் (அது உள்ளே வாங்கும் சத்தத்தின் அளவு). பேசாத மைக்குகளை அணைத்து வையுங்கள். திறந்த மைக் கூடக்கூடக் கத்தல் கூடும். வாசிக்க வருகிறவர்களிடம் மைக்கின் தலையைக் கையால் பொத்த வேண்டாம் என்று முன்னமே சொல்லுங்கள். கம்பியில்லா மைக்குக்கு வாராவாரம் புது பேட்டரி. பழையதைச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாம்.

கொயரில் இடம் கிடைக்காத கோபத்தில் இங்கே வந்து உட்காருகிறவர் வேண்டாம். கொயரின் சத்தத்தை அவர் கையால் அமுக்கிவிடுவார்.

வேத மாணவன் | 05.02.2025, இரவு 9.25

இவை சபை வேலைகள். ஆவிக்குரிய ஊழியம் வேறு. அப்போஸ்தலர் ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருந்தார்கள், பந்தி விசாரணையை, அதாவது சாப்பாடு பங்கிடுகிற வேலையை, வேறு ஏழு பேருக்குக் கொடுத்தார்கள்.

வெஸ்ட்ரி மேசை | 06.02.2025, காலை 6.10

அந்த ஏழு பேருக்கு வைத்த தகுதி என்ன? நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் (அப்போஸ்தலர் 6:3). பந்தி விசாரிக்கவே ஆவியால் நிறைந்தவர்கள் தேவைப்பட்டார்கள் என்றால் அது எப்படி இரண்டாம் தரம்? தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று யாத்திராகமம் 31ல் வாசிக்கும் பெசலெயேல் பிரசங்கி அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினம், மரம் என்று கையால் வேலை செய்தவர்.

நம் ஊர்ச் சரித்திரத்திலும் இது உண்டு. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய இரண்டு மிஷனெரிகளில் சீகன்பால்கு தமிழில் மூழ்கினார், புளுட்சோ போர்ச்சுகீசியம் பேசுகிறவர்களிடம் வேலை செய்தார். ஆனால் 1713ல் அச்சு இயந்திரத்தோடு வந்த ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பவர் இல்லாவிட்டால்? ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அவர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார். 1715ல் புதிய ஏற்பாடு முழுக்க அச்சாகி முடிந்தது. பிரசங்கத்துக்காக அவரை யாரும் நினைப்பதில்லை. தமிழ் வேதாகமத்தைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்த ஈயத்துக்குக் கடன்பட்டவர்கள்.

1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் மருத்துவத்துக்கு முன் தச்சும் கட்டடவேலையும் படித்தவர். தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து அசையவைத்த கை அது. இரட்சிக்கப்படுமுன் கற்றதெல்லாம் குப்பை என்று கொட்ட வேண்டியதில்லை. கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் வளர்ந்து கற்ற தமிழ்ப் புலமையைக் கிறிஸ்தவரான பின்பு கிறிஸ்துவைப் பாடத்தானே செலவிட்டார்?

வேத மாணவன் | 06.02.2025, காலை 6.48

பந்தி விசாரணையைப் பற்றிச் சொன்னது சரி. அந்தத் தகுதியை இன்றைய கமிட்டித் தேர்தலில் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அசனக் கிடாரம் | 07.02.2025, பகல் 1.30

பந்தி என்று வந்ததால் சொல்கிறேன். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஆள் பிரிக்கும்போது சுபாவம் பார்க்காவிட்டால் சோறு குழையும். அடுப்பில் நிற்கிறவர் அதட்டலுக்கு அசையாத ஆளாக இருக்க வேண்டும். பரிமாறுகிறவர் எல்லோரையும் முகம் பார்த்து உபசரிக்கிறவர். சாமான் அறைச் சாவி "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவரிடம். இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால் மூன்றாம் பந்திக்குக் கறி இருக்காது.

100 பேருக்கு அரிசி 15 கிலோ. ஆட்டுக்கறி எலும்போடு ஆளுக்கு 100 கிராம் என்று குறைந்தது 10 கிலோ. சாம்பாருக்குப் பருப்பு 3 கிலோ.

சங்கத்து அக்கா | 07.02.2025, பகல் 3.15

15 கிலோ அதிகம் அண்ணே. பெண்கள் கூட்டத்துக்கு 100 பேருக்கு 10 கிலோவிலேயே மிஞ்சும்.

அசனக் கிடாரம் | 07.02.2025, மாலை 6.40

பெண்கள் கூட்டத்தில் கூட்டு, பொரியல், பாயாசம் எல்லாம் இருக்கும் அக்கா, அங்கே 10 சரி. அசனத்தில் சோறும் குழம்பும்தான், காலையிலிருந்து ஆராதனையில் இருந்த பசி வேறு. ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் வடிக்க வேண்டாம். முக்கால் பங்கை வடித்துவிட்டு, இரண்டாம் பந்தி எழும்போது மிச்சத்துக்கு உலை வையுங்கள். மிஞ்சினால் அரிசியாக மிஞ்சும்.

கடைசி வரிசை | 08.02.2025, இரவு 9.30

கணக்குப் பார்க்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

வெஸ்ட்ரி மேசை | 09.02.2025, மாலை 4.20

எஸ்றா 8ஐ வாசியுங்கள் தம்பி. புறப்படும்போது வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார்கள், எருசலேமில் திரும்ப நிறுத்தார்கள், நிறையை எழுதி வைத்தார்கள். பவுலும் தர்மப்பணத்தைத் தனியாளிடம் கொடுக்கவில்லை. தீத்துவோடு இரண்டு சகோதரரை அனுப்பினார், ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:18–22). சந்தேகப் பேர்வழி என்று பெயர் எடுத்தவர்களுக்குச் சபையில் மரியாதையான இடம் இதுதான். அவர்கள் இயல்பாகவே இரண்டாம் தடவை எண்ணுவார்கள்.

முறை: காணிக்கைப் பை பீடத்திலிருந்து நேரே வெஸ்ட்ரி (ஆலயத்தின் பக்க அறை) மேசைக்கு வர வேண்டும், வழியில் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. எண்ணுகிறவர்கள் குறைந்தது இருவர், ஒரே குடும்பத்தார் அல்ல. முதலில் கவர் காணிக்கைகளைப் பிரியுங்கள். தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி ஒவ்வொன்றும் தனி வரியில், கவரில் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து. பிறகு பைப்பணத்தை நோட்டுவாரியாக அடுக்கி ஒருவர் எண்ணி எழுத வேண்டும். மற்றவர் அந்தத் தாளைப் பார்க்காமல் எண்ணித் தன் தாளில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் மையால் பதிவேட்டில், எண்ணிலும் எழுத்திலும், இருவர் கையெழுத்தோடு. அடுத்த வங்கி வேலை நாளில் முழுத்தொகையும் கணக்கில்.

தவறு நடக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, சில்லறை மாற்றிக்கொள்வது. மொத்தம் எழுதி முடிக்கும் முன் யாருக்கும் சில்லறை கிடையாது, ஐயருக்கும்தான். இரண்டு, "கரண்ட் பில்லுக்கு இதிலேயே எடுத்துக்கோங்க" என்பது. வரவில் ஏறாத பணத்திலிருந்து செலவு செய்தால் வரவும் தெரியாது, செலவும் தெரியாது. நேர்மையானவர்கள் மேல் பழி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெஸ்ட்ரி மேசை | 09.02.2025, மாலை 4.45

நுணுக்கம் பிடித்தவர்களுக்கு இன்னொன்று: பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள். பல சேகரங்களில் 100 வருஷத்துக்கு மேற்பட்டவை இரும்புப் பெட்டியில் கறையான் பயத்தோடு கிடக்கின்றன. ஈரமில்லாத சுத்தமான கை, பக்கத்தில் பென்சில் மட்டும், பேனா கூடாது. கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். கோப்புக்கு வருஷமும் பக்க எண்ணும் பெயர். அட்டவணையில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி, பதிவு எண். எழுத்துப்பிழை போலத் தெரிந்தாலும் இருக்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். படங்களைப் பொதுவில் போடக் கூடாது, குடும்ப விவரங்கள் அவை. இதற்கெல்லாம் முன்னால் சேகர குருவின் எழுத்து அனுமதி.

மிக்ஸர் பக்கம் | 10.02.2025, இரவு 8.15

கோபக்காரர்களை எங்கே வைப்பது? தலைப்பில் இருக்கிறார்கள், இழையில் காணோம்.

வேத மாணவன் | 10.02.2025, இரவு 9.05

கோபம் வரம் அல்ல. யாக்கோபும் யோவானும் இடிமுழக்க மக்கள் (மாற்கு 3:17). தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கக் கட்டளையிடட்டுமா என்று கேட்டபோது இயேசு அதட்டினார் (லூக்கா 9:54, 55). ஆனால் அப்போஸ்தலர் 8:14, 15ஐயும் பாருங்கள். அதே சமாரியாவுக்குப் பேதுருவோடு அனுப்பப்பட்டவர் யோவான், அங்கே அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறும்படி ஜெபித்தார். சமாரியர்மேல் இறங்க அவர் கேட்ட அக்கினி வேறு, அவர்கள்மேல் இறங்க அவர் மன்றாடிய ஆவியானவர் வேறு. அந்த அதட்டல் இல்லாமல் இந்த அனுப்புதல் இல்லை என்றே நினைக்கிறேன். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் கரைகிறது.

சங்கத்து அக்கா | 10.02.2025, இரவு 9.40

ஆமென் தம்பி. இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நடைமுறைக்கு: பட்டென்று பேசுகிறவர்களை வரவேற்பிலும் ஆறுதல் சந்திப்பிலும் வைக்காதீர்கள். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அலுவலகத்துக்குப் போகிற வேலை கொடுங்கள். பாட்டிமார் அங்கே "நாளைக்கு வா" என்றால் திரும்பி வந்துவிடுவார்கள். இவர்கள் "எந்தக் காகிதம் குறைகிறது, எழுதிக் கொடுங்க" என்று நிற்பார்கள். போகுமுன் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், விதவைக்குக் கணவரின் இறப்புச் சான்று, எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் பெயர் எழுத்து வேறுபாட்டால். ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர் என்று இருக்கும். திருத்தத்தை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒப்புகைச் சீட்டு எண்ணை நோட்டில் எழுதுங்கள். அசல் காகிதங்களை அன்றே பாட்டியிடம் திருப்பிக் கொடுங்கள்.

கடைசி வரிசை | 12.02.2025, இரவு 10.00

சில சபைகளில் வரங்களைக் கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். பயன் உண்டா?

வெஸ்ட்ரி மேசை | 13.02.2025, காலை 6.00

கொஞ்சம். அதில் ஆள் தனக்குப் பிடித்ததை எழுதுவார், தன்னால் முடிந்ததை அல்ல. வாலிபர்கள் பாதிப்பேர் "தலைமைத்துவம்" என்று வருவார்கள். அதைவிட, அவரைத் தெரிந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "யாரும் சொல்லாமலே இவர் கை எங்கே போகிறது?" ஒருவர் நாற்காலி அடுக்குவார், ஒருவர் அழுகிற குழந்தையைத் தூக்குவார், ஒருவர் வராதவர் யார் என்று கவனிப்பார். மூன்று பதில் ஒத்துவந்தால் அங்கே ஒரு சின்ன வேலை, மூன்று மாதத்துக்கு, முடிவு தேதியோடு.

அந்தத் தேதி இல்லாததுதான் நல்ல ஆட்களைக் கொல்கிறது. மறுப்புச் சொல்லத் தெரியாத அமைதியான பையனிடம் ஒரு வேலை கொடுத்தால் அது அவன் கல்யாணம் வரை போகும், நடுவில் இன்னும் நான்கு சேரும். பிறகு ஒருநாள் ஆராதனைக்கே வருவதை நிறுத்துவான். மோசேயைப் பார்த்து அவர் மாமன் எத்திரோ சொன்னது இதுதான்: நீ தொய்ந்துபோவாய் (யாத்திராகமம் 18:18). ஓர் ஆளுக்கு ஒரு முக்கிய வேலை, ஒரு உதவி வேலை, அவ்வளவே.

வார்டு 7 | 13.02.2025, இரவு 10.45

ஒத்துவராத வேலையிலிருந்து இறக்கிவிடும்போது அவமானப்படுத்தாமல் இறக்குங்கள். முன்பு ஊழியத்தின் நடுவில் விட்டுப்போன மாற்குவைத் திரும்பக் கூட்டிப்போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். பர்னபா அவரை விடவில்லை. பிற்பாடு பவுலே "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று கேட்டு அழைத்தார் (2 தீமோத்தேயு 4:11). வார்டில் அழுதுவிடுகிற பையனை "உனக்கு இது வராது" என்று அனுப்பாதீர்கள். வெளியே கூட இருக்கிறவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்ப உள்ளே கூட்டிப் போய்ப் பாருங்கள்.

கடைசி வரிசை | 14.02.2025, காலை 5.40

வார்டு 7 அண்ணே, கூட இருக்கிறவருக்கு மாற்றாக உட்கார எந்த நேரம் நல்லது?

வார்டு 7 | 14.02.2025, இரவு 9.15

டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, தம்பி. பெரும்பாலான இடங்களில் காலை 11 மணிக்கு மேல். ரவுண்ட்ஸ் நேரத்தில் குடும்பத்தார்தான் இருக்க வேண்டும், டாக்டர் சொல்வதை அவர்கள் கேட்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் என்றால் சாயங்காலம் 6லிருந்து 7. முதல் தடவை அந்த வார்டில் பழகிய ஒருவரோடு போங்கள், செவிலியர் முகம் பார்த்து வைத்துக்கொள்வார். பாஸ் வேண்டுமா என்று முந்தின நாளே வாசலில் கேட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டிலும் செல் சார்ஜரும் கொண்டுபோங்கள். சார்ஜர் உங்களுக்கு இல்லை, அவர்களுக்கு.